வானலைக் கற்றை திசை நாடும் வகை

சென்ற மழைக்காலத்தில் எம் வகுப்பு மாணவர் ஒருவர் தொடர்ந்து நான்கு நாட்கள் கல்லூரிக்கு வந்திலர். இணையவழியாக அனுப்ப வேண்டிய கட்டுரையையும் அனுப்பினாரல்லர். அவர் குடியிருப்பது கோவிலம்பாக்கத்தில், மேடவாக்கம் நெடுஞ்சாலையினின்று உள்ளடங்கிய ஒரு தெருவில். தெருவில் முழங்காலளவு நீர் நின்றது. கம்பங்களின்மேற் கொடிபோற் பின்னிக் கிடந்த இணையக் கம்பியோ முறிந்த கிளையொன்றோடு அறுந்து வீழ்ந்தது. கைபேசியின் அலை இருந்தும் பயனில்லை. தெருவினர் அனைவரும் ஒருசேர அதனையே பற்றினமையின் அது பெயரளவில் நின்றது. ஐந்தாம் நாள் வந்தவர், தமக்கு நேர்ந்த இடரைச் சொல்லி முடித்து, எம்மை ஒரு வினா வினவினார்: “கம்பியின்றியே கம்பிக்கு நிகரான விரைவு தரும் அலையொன்று உண்டென்று படித்தேனே, அஃது எங்கள் தெருவுக்கு வாராதா?”

இலக்கணமும் இலக்கியமும் பயிலும் எமக்கு அதற்கு விடை கூறத் தெரியவில்லை. பின்னர்ப் பௌதிக வகுப்பு நண்பர் ஒருவரை அடுத்தும், நூலகத்திற் சில நாள் இருந்தும், மொட்டைமாடியில் ஓரிரவு விழித்தும் யாம் அறிந்துகொண்டவற்றை ஈண்டு எழுதப் புகுந்தோம். பிழையுளதேல் அது பௌதிக நண்பருடையதன்று, எம்முடையதே.

கைபேசிகள் யாவும் மின்காந்த அலைகளாற் பேசுவன என்பதை இக்காலத்திற் சிறுவரும் அறிவர். அவ்வலை ஒரு நொடியில் எத்துணை முறை அதிர்கின்றதோ அஃது அதன் அதிர்வெண். அதிர்வெண் மிகுந்தோறும் அலையின் நீளம் குறுகும். நொடிக்கு நூறு கோடி அதிர்வு ஒரு கிகாஹெர்ட்ஸ் எனப்படும். ஐந்தாந் தலைமுறைத் தொடர்புக்கென 2022-ஆம் ஆண்டு ஜூலை 26 முதல் ஆகஸ்டு 1 வரை இந்திய அரசு நடத்திய ஏலத்தில் விற்பனையான அலைவரிசைகளுள் இரண்டை மட்டும் ஈண்டு நோக்குவோம். ஒன்று 3.3 கிகாஹெர்ட்ஸிற்கு மேலது. அதன் அலை ஏறத்தாழ 9 சென்டிமீட்டர் நீளமுடையது. மற்றொன்று 26 கிகாஹெர்ட்ஸை ஒட்டியது; அதன் அலை பதினொன்றரை மில்லிமீட்டர், அஃதாவது ஒரு புளியங்கொட்டை அளவினதே. முன்னதன் அகலம் ஒரு கிகாஹெர்ட்ஸிற் பாதியும் இல்லை. பின்னதன் அகலம் 3 கிகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்டது. அகன்ற வாய்க்காலில் மிகுந்த நீர் செல்லுமாறு போல, அகன்ற வரிசையில் மிகுந்த செய்தி செல்லும். எம் நண்பர் படித்த ‘கம்பிக்கு நிகரான அலை’ இவ்விரண்டாவதே.

அங்ஙனமாயின் அதனையே எங்கும் பரப்பிவிடலாகாதோ எனின், ஆங்கே ஓர் இடர் உளது. அலையை ஏற்கும் உறுப்பு, அலையின் நீளத்துக்குத் தக்க அளவினதாகவே அமைவது. குறுகிய அலைக்குச் சிற்றுறுப்பே பொருந்தும். மழைநீர் ஏற்க வாயகன்ற அண்டாவை முற்றத்தில் வைப்பதற்கும் ஒரு டம்ளரை வைப்பதற்கும் உள்ள வேற்றுமை இது: மழை ஒன்றே, ஏற்பது வேறு. அலைநீளம் எட்டில் ஒரு பங்காகக் குறுகின், ஏற்கும் பரப்பு எட்டின் எட்டில், அஃதாவது ஏறத்தாழ அறுபதில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். பெல் ஆய்வுக்கூடத்திலிருந்த ஹரால்டு ஃபிரிஸ் என்பார் 1946-இல் வெளியிட்ட ஒரு சிறு வாய்பாடு இதனை ஐயமறக் காட்டும். ஆகவே 26 கிகாஹெர்ட்ஸ் அலையைப் பழைய முறையில் நாற்புறமும் இறைத்தால், பெறுவோர்க்கு எஞ்சுவது சில துளியே.

இவ்விழப்பை மீட்கும் வழி, உறுப்பின் சிறுமையிலேயே அடங்கியுள்ளது. சிறிதாயின் பலவற்றை அடுக்கலாமன்றோ? அரையலை இடைவெளியில் வரிசைக்கு எட்டாக எட்டு வரிசை அடுக்கினால் 64 உறுப்புக்கள். அவை அனைத்தும் நாலரை சென்டிமீட்டர்ச் சதுரத்தில், ஒரு பிஸ்கோத்தின் மேற்பரப்பில், அடங்கிவிடும். அறுபதில் இழந்ததை அறுபத்துநான்கால் ஈடு செய்துகொள்ளலாம்.

ஆயினும் அடுக்கினால் மட்டும் போதாது. கோவளத்துக் கடற்கரையிற் கரைவலை இழுப்பாரைக் கண்டவர் இதனை எளிதில் உணர்வர். வடத்தைப் பற்றியோர் இருபதின்மராயினும், ஒருவர் இழுக்கும்போது மற்றவர் தளர்த்தினால் வலை அசையாது; குரலுக்கு இசைந்து அனைவரும் ஒரே கணத்தில் இழுத்தாலன்றிக் கரை சேராது. 64 உறுப்புக்களினின்றும் புறப்படும் அலைகளும் அவ்வாறே. அவை குறித்த ஒரு திசையில் ஏறுமுகத்தோடு ஏறுமுகமாகச் சேர்ந்தால் வலுக்கும். ஏனைத் திசைகளில் ஏற்றத்தோடு இறக்கம் மோதி ஒன்றையொன்று அழிக்கும். ஒவ்வோருறுப்புக்கும் உரிய அலையைச் சிறிது முந்தவோ பிந்தவோ செய்வதனால், சேர்ந்து வலுக்குந் திசையை வேண்டியவாறு மாற்றலாம். உறுப்பு ஒன்றும் அசைவதில்லை. அலை மட்டும் திரும்புகின்றது. மூன்று வானலைக் கம்பங்களைக் கொண்டு இவ்வுண்மையை 1905-இலேயே செய்து காட்டியவர் ஜெர்மானியரான ஃபெர்டினாண்டு பிரௌன். 1909-இல் மார்க்கோனியோடு நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் இவரே.

குறுகிய அலையை ஒருதிசைப்படுத்தும் வழக்கம் நம் நாட்டுக்கும் பழமையானது. 1894-க்கும் 1896-க்கும் இடையே கல்கத்தா மாநிலக் கல்லூரியில் ஜகதீச சந்திர போஸ் கையாண்ட அலைகள் 5 மில்லிமீட்டர் வரை குறுகியவை. இன்று 60 கிகாஹெர்ட்ஸ் என்கின்றோமே, அதுவே அது. அவ்வலை சிதறாதிருக்கும் பொருட்டு அவர் கூம்பு வடிவான புனலொன்றைக் கருவியின் வாயிற் பொருத்தினார். மேசைமேல் நிகழும் சோதனையில் அப்புனலைக் கையாலே திருப்பி எதிர்க்கருவிக்கு நேர்ப்படுத்திக் கொள்ளலாம். தெருவில் நடந்து செல்வார்க்கு நேராக யார் திருப்புவது?

இவ்விடத்தேதான் எம் கட்டுரைப் பொருள் தொடங்குகின்றது. எட்டுக்கு எட்டு அடுக்கினின்று எழும் கற்றை ஏறத்தாழ 13 பாகை அகலமுடையது. அதற்கு வெளியே நிற்பவர்க்கு அலை இல்லை. எனவே பேசத் தொடங்குமுன், கோபுரம் கைபேசி இருக்குந் திசையையும், கைபேசி கோபுரம் இருக்குந் திசையையும் அறிந்தாக வேண்டும். அறியாதிருக்கும்போதோ இருவரும் பேசவியலாது; பேசாமல் எங்ஙனம் அறிவது? இம்முட்டுப்பாட்டைத் தீர்க்கும் முறைக்கே பொறியியலார் ‘கற்றைப் பயிற்சி’ என்று பெயரிட்டுள்ளனர். தமிழ் மாணவராகிய எமக்கு அப்பெயர் சிறிதும் உவப்பாக இல்லை. பயிற்சி என்பது செய்ததையே பலகாற் செய்து பழகுதல். இங்கு நிகழ்வதோ நாடித் தேர்தல். ‘கற்றை நாடல்’ என்பது பொருந்தும் என்று கருதி அதனையே இனி வழங்குவோம். கற்றை என்னுஞ் சொல்லில் மட்டும் எமக்கு வழக்கில்லை; வைக்கோலுக்கும் கூந்தலுக்கும் கதிருக்கும் பொதுவாய் நின்ற சொல் வானலைக்கும் இசைவது அழகே.

பௌதிக நண்பர் கணக்கெழுதிக் காட்டியபோது எமக்கு விளங்காதது, ஓர் அமாவாசை இரவில் விளங்கிற்று. கோவிலம்பாக்கத்து நண்பரின் மாடியில் யாம் இருவர் கைவிளக்கோடு நின்றோம். ஏறத்தாழ 150 மீட்டர் தொலைவில், இரண்டு தெருவுக்கப்பால் உறவினர் வீட்டு மாடியில் வேறிருவர் நின்றனர். எம் விளக்கின் வாயில் பழைய நாட்காட்டித் தாளைக் குழலாகச் சுருட்டிச் செருகினோம். அவரும் கண்ணில் ஒரு குழல் வைத்துக்கொண்டனர். எம் கைப்பிடிச் சுவரிற் சுண்ணக்கட்டியால் 16 குறிகள். அவர் சுவரில் 8. எதிரார் எத்திசையில் உள்ளார் என்பதை அறியாதவர் போல, ஒவ்வொரு குறியிலும் இரண்டு எண்ணும் நேரம் நின்று, 16 குறியும் யாம் ஒரு சுற்று முடித்தபின் அவர் தம் குழலை ஒரு குறி நகர்த்த வேண்டும் என்பதும், ஒளியைக் கண்டவுடன் சீழ்க்கையடிக்க வேண்டும் என்பதும் உடன்பாடு. வீட்டுக்கார அம்மையார் படியேறி வந்து, “என்ன தம்பி, அமாவாசையில் நிலவு தேடுகிறீர்களா?” என்று கேட்டுச் சென்றார்.

பதினாறும் எட்டும் பெருக்க 128 சோடிகள். எமக்குச் சீழ்க்கை கேட்டது 93-ஆஞ் சோடியில். அவருடைய ஆறாங் குறியும் எம்முடைய பதின்மூன்றாங் குறியும் நேர்ப்பட்டபோது. கை கடுத்துவிட்டது. இரண்டாம் முறை வேறொரு வகை செய்தோம். அவர் குழலை நீக்கி வெறுங்கண்ணால் நாற்புறமும் நோக்கியிருக்க, யாம் மட்டும் குறிதோறும் திருப்பினோம். பதின்மூன்றாங் குறியிற் சீழ்க்கை எழுந்தது. பின் யாம் அக்குறியிலேயே அசையாது நிற்க, அவர் தம் குழலைக் குறிதோறும் வைத்துப் பார்த்தார், ஆறாவதிற் கண்டார். 93-க்கு மாறாக 19. முழுதும் தேடியிருப்பினும் 24-க்கு மேற்படாது. பெருக்கல் கூட்டலாயிற்று என்பதே இதன் சூக்குமம்.

ஆயினும் ஒன்று சொல்லாது விடுதல் நேர்மையன்று. இரண்டாம் முறையின் தொடக்கத்தில் அவர் ஒருகால் ஏமாந்தார். மளிகைக்கடை வாயிலில் மினுக்கிய ஒரு விளக்கை எம் விளக்கென்று கருதிச் சீழ்க்கையடித்துவிட்டார். வெறுங்கண் எல்லாத் திசையையும் காண்பதாலேயே, வேண்டாத ஒளியையும் காண்கின்றது. குழலோ வேண்டாதவற்றை மறைத்து வேண்டியதைத் தெளிவாக்குகின்றது. அகன்று தேடினால் விரைவு மிகும், தெளிவு குன்றும். குறுகித் தேடினால் தெளிவு மிகும், காலம் செல்லும். கற்றை நாடல் பற்றி அறிஞர் எழுதியன அனைத்தும் இவ்விரண்டுக்கும் இடையே நிகழும் வழக்கே என்று எமக்குத் தோன்றுகின்றது.

அம்மாடியில் நின்று வடக்கே நோக்கினாற் பரங்கிமலையின் விளக்குக்கள் தோன்றின. தொலைவிலுள்ள இரண்டிடங்களை நேர்ப்படுத்தும் தொழில் எம் பக்கத்துக்குப் புதிதன்று. 1802-ஆம் ஆண்டு ஏப்ரல் 10-ஆம் நாள் வில்லியம் லாம்டன் இந்திய நில அளவைக்கு அடிக்கோடு அளக்கத் தொடங்கியது அப்பரங்கிமலைக்கும் பெரும்பாக்கத்துக் குன்றுக்கும் இடைப்பட்ட சமவெளியில்தான். ஏழரை மைல் நீளம். அவர் கொணர்ந்த கோணமானி அரை டன் எடையுள்ளது. இன்று அச்சமவெளி முழுதும் வீடுகள். இது நிற்க.

மெய்யான கோபுரம் செய்வதும் எம் விளையாட்டினின்று பெரிதும் வேறன்று. ஐந்தாந் தலைமுறை விதிப்படி, இவ்வுயரதிர்வெண் வரிசையில் ஒரு கோபுரம் 64 திசை வரை ஒன்றன்பின் ஒன்றாகக் கற்றையைத் திருப்பி, ஒவ்வொன்றிலும் அக்கற்றையின் எண்ணைக் கூவுகின்றது. இச்சுற்று முழுதும் 5 மில்லிநொடியில், அஃதாவது நொடியின் இருநூற்றில் ஒரு பங்கில், முடிந்துவிடும். புதிதாகத் தேடும் கைபேசி அதனை 20 மில்லிநொடிக்கு ஒருமுறை எதிர்பார்க்கும். கைபேசி தனக்குத் தெளிவாய்க் கேட்ட எண் இன்னதென்று திருப்பிச் சொல்லும்; கோபுரம் அதனையே பற்றிக்கொள்ளும். கைபேசியும் தன் பங்குக்கு எட்டுத் திசைகளில் முறையே செவிசாய்க்குமாயின், எட்டுச் சுற்றுக்கு 160 மில்லிநொடி செல்லும். மொத்தம் 512 சோடிகள். எம் மாடியிற் சீழ்க்கை இருந்ததே, அதற்கு இணையானதும் அங்கு உண்டு: திசை பாராது பரவும் தாழ்ந்த அதிர்வெண் அலையிற் கைபேசி முன்னரே தொடர்புற்றிருந்தால், ‘கண்டேன்’ என்பதை அவ்வழியே சொல்லிவிடலாம். சீழ்க்கை இல்லாதிருந்தால் அன்றிரவு யாம் விடியுமட்டும் விளக்கைச் சுழற்றியிருப்போம்.

வேறொரு வகையும் கூறுவர். கடிதம் பிரிப்பார் முதலில் மாவட்டம், பின் ஊர், பின் தெரு, பின் வீடு என்று செல்லுமாறு போல, முதலில் மிக அகன்ற இரண்டு கற்றைகளை வீசி ‘இப்பாதியா, அப்பாதியா’ என்று அறிதல். பின் அப்பாதியை இரண்டாக்குதல். இங்ஙனம் ஆறுமுறை பிரித்தால் 64-இல் ஒன்று கிடைத்துவிடும். பன்னிரண்டு முறை வீசினாற் போதும். கேட்பதற்கு இனிதே. ஆனால் முதற்கற்றை 32 மடங்கு அகன்றதாகலின் அதன் வலி 32-இல் ஒன்றே. தொலைவிலுள்ளார்க்கு அது கேளாமற் போகும், அல்லது தவறாகக் கேட்கும். முதற்பிரிவில் தவறினாற் பின்னர் எத்துணை நுணுகித் தேடினும் பயனில்லை. பல்லாவரத்திலிருப்பவரைத் தாம்பரத்திற் கதவுதோறும் தட்டுவதாகவே முடியும். ஆதலின் அணிமையிலுள்ளார்க்கு இம்முறை நன்று, சேய்மையிலுள்ளார்க்கு முழுத் தேடலே நன்று என்பது எம் பௌதிக நண்பரின் தீர்ப்பு.

இனி, தேடிக் கண்டபின் தொல்லை தீர்ந்ததோ? ஒருவர் கோபுரத்தினின்று 20 மீட்டர் தொலைவில் நடந்து செல்கின்றார் என்க. 13 பாகைக் கற்றை அங்கே நாலரை மீட்டர் அகன்றிருக்கும். நொடிக்கு ஒன்றரை மீட்டர் நடப்பவர் அதனைக் கடக்க மூன்று நொடி ஆகும். இது தாளும். ஆனால் அவர் கைபேசியைத் தூக்கிக் காதில் வைக்கின்றார். அரைநொடியில் கருவி 90 பாகை திரும்புகின்றது. கைபேசியிலுள்ள நான்குறுப்பு வரிசையின் கற்றை ஏறத்தாழ 25 பாகை அகலமே. ஆகவே அத்திசை 140 மில்லிநொடியிற் பழையதாகிவிடும். முழுத் தேடலுக்கோ 160 மில்லிநொடி வேண்டும் என்று மேலே கண்டோம். தேடி முடிக்குமுன் தேடியது பொய்யாகின்றது! தேடும் நேரமெல்லாம் பேசும் நேரத்தினின்று கழிவதேயாகலின், அடிக்கடி தேடினாற் பேச்சுக்கு இடமில்லை, தேடாவிடினும் பேச்சில்லை. எனவே முதலிற் கண்ட திசைக்கு அக்கம்பக்கத்தன மட்டும் அவ்வப்போது நோட்டமிட்டுக்கொண்டிருப்பதும், கைபேசி தான் திரும்பிய அளவைத் தன் உள்ளிருக்கும் சுழற்சிமானியால் அறிந்து கற்றையைத் திருத்திக்கொள்வதும் இன்று கையாளும் வழிகள்.

தேடாமலே திசையறிய இயலாதோ என்னும் வினாவும் எழும். அதற்கு விடை கண்டவருள் ஒருவர் தமிழ்நாட்டவர். பொள்ளாச்சியில் 1944-இற் பிறந்த ஆரோக்கியசாமி பால்ராஜ், இந்தியக் கடற்படையிற் பணியாற்றியபோது ‘அப்சோ’ என்னும் ஒலிக்கருவியை ஆக்கிய குழுவுக்குத் தலைவராயிருந்தார். நீருக்குள் வரும் ஒலியைப் பல செவிகளால் ஒருங்கே கேட்டுத் திசை காண்பது அக்கருவியின் தொழில். பின்னர் 1980-களில் ஸ்டான்ஃபோர்டுப் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்டு ராய், தாமஸ் கைலத் என்போருடன் சேர்ந்து ‘எஸ்பிரிட்’ என்னும் கணிதமுறையை வகுத்தார். ஒரே வகையான இரண்டு அடுக்குக்களை அறிந்த இடைவெளியில் வைத்தால், ஒரே அலை இரண்டிலும் வந்து சேரும் நிலைவேற்றுமையினின்று திசையை நேரே கணக்கிட்டு விடலாம். ஒவ்வொரு திசையாகத் தேட வேண்டுவதில்லை. பல உறுப்புக்களால் ஒரே வேளையிற் பல செய்தி அனுப்பும் முறைக்காக 2014-இல் மார்க்கோனிப் பரிசு பெற்றவரும் இவரே.

அங்ஙனமாயின் கைபேசியில் அதனையே வைக்கலாகாதா? அம்முறைக்கு ஒவ்வோருறுப்பும் தான் கேட்டதைத் தனித்தனியே சொல்ல வேண்டும். அஃதாவது உறுப்புதோறும் பின்னே ஒரு முழு வாங்கி வேண்டும். 26 கிகாஹெர்ட்ஸில் அங்ஙனம் 64 வாங்கிகளை அமைத்தால் விலையும் மின்செலவும் சூடும் தாங்கா. அதனால் உறுப்புக்கள் பலவும் ஒரே வாங்கியில் இணைக்கப்பட்டுள்ளன; அவ்வாங்கிக்கு எட்டுவது அவற்றின் கூட்டொலியே. கரைவலையில் வடம் நகர்ந்தது தெரியும். எவர் எவ்வளவு இழுத்தார் என்பது தெரியாது. ஆதலால் இன்னும் தேடியே ஆக வேண்டியிருக்கின்றது. சில உறுப்புக்களுக்கு ஒரு வாங்கியாகப் பகிர்ந்து, இரண்டுக்கும் நடுவழி காண்பாரும் உளர்.

இத்தகைய ஆராய்ச்சிக்கு வெளிநாடே செல்ல வேண்டுவதில்லை. எம் தாம்பரத்தினின்று ஒரு மணி வழித் தொலைவிலுள்ள கிண்டிச் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் தலைமையில் எட்டு நிறுவனங்கள் சேர்ந்து, ஏறத்தாழ 220 கோடி ரூபாய்ச் செலவில் ஐந்தாந் தலைமுறைச் சோதனைக்களம் ஒன்றை அமைத்துள்ளன. 2018-இல் ஒப்புதல் பெற்று, 2022-ஆம் ஆண்டு மே 17-ஆம் நாள் திறந்து வைக்கப்பெற்ற அக்களத்தில் நம் நாட்டுச் சிறு நிறுவனங்கள் தாம் ஆக்கிய கருவிகளைச் சோதித்துக்கொள்ளலாம். முன்பு அவர் அதற்கெனக் கடல்கடந்து செல்ல வேண்டியிருந்தது.

மீண்டும் கோவிலம்பாக்கத்துத் தெருவுக்கு வருவோம். மழையில் இவ்வலை அழிந்துபடும் என்று பலர் அஞ்சுகின்றனர். யாமும் அஞ்சினோம். ஆனால் மணிக்கு 50 மில்லிமீட்டர் பெய்யும் பெருமழையிலும் 26 கிகாஹெர்ட்ஸ் அலை ஒரு கிலோமீட்டர் சென்றால் இழப்பது ஏறத்தாழ 8 டெசிபெல். 200 மீட்டர்த் தொலைவுக்கு அஃது இரண்டு டெசிபெலும் இல்லை, மூன்றிலொரு பங்கேனும் குறைவதன்று. உண்மைப் பகை மழையன்று, சுவர். நியூயார்க்கு நகரில் 28 கிகாஹெர்ட்ஸில் அளந்து 2013-இல் வெளியிட்ட ஆராய்ச்சியொன்றில், சாயமூட்டிய கண்ணாடி 40 டெசிபெல், அஃதாவது பதினாயிரத்தில் ஒன்றாகவும், செங்கல் தூண் 28 டெசிபெல், அஃதாவது அறுநூற்றில் ஒன்றாகவும் அலையைக் குறைத்தன என்று காண்கின்றோம். மனிதவுடல் குறுக்கே நின்றாலும் இருபது டெசிபெல் வரை போய்விடும். இலைச்செறிவும் தடையே. அவ்விரவில் யாம் நின்ற இடத்தை மாடியின் மறுமூலைக்கு மாற்றியபோது, இடையே நின்ற வேம்பு விளக்கை முற்றும் மறைத்துவிட்டது. எனினும் சீழ்க்கை கேட்டது! எதிர்ப்புறத்து அடுக்குமாடியின் கண்ணாடிச் சன்னலிற் பட்டுத் திரும்பிய ஒளியை அவர் வேறொரு குறியிற் கண்டிருந்தார். வானலைக் கற்றையும் இங்ஙனம் சுவரிற் பட்டுத் திரும்பும் பக்கவழியை நாடிக் கொள்வதுண்டு. ஆரச்சாலையை அடுத்து மெட்ரோவுக்கென எழும் தூண்களும் ஒருபால் மறைத்து ஒருபாற் பிரதிபலிக்கும். நேர்வழி அடைபட்டபோது பயன்படுமாறு, இரண்டாந்தரத் திசையையும் நினைவில் வைத்திருப்பது நல்ல நாடலுக்கு இலக்கணம்.

ஆகவே நண்பரின் வினாவுக்கு யாம் தரும் விடை இது. நடப்பார்க்கும் வண்டியிற் செல்வார்க்கும் இவ்வலை இப்போதைக்கு எட்டாக் கனியே. இந்தியாவில் விற்கும் கைபேசிகளிற் பெரும்பாலனவற்றில் அதனை ஏற்கும் உறுப்பும் இல்லை. வீட்டுக்கோ இது பொருந்தும். மாடி நடப்பதில்லை, திரும்புவதில்லை. ஒருமுறை திசை நாடிவிட்டால் வேம்பு வளர்ந்தாலன்றி மீண்டும் நாட வேண்டுவதில்லை. மாடியில் ஒரு வாங்கியைப் பொருத்தி அங்கிருந்து கம்பியை உள்ளே இறக்கினால், தெருவெங்கும் கம்பி தொங்கி அறுவதற்கு இடமில்லை.

ஆனால் இதன்கண் எமக்கு ஒரு மனக்குறை உண்டு. சாலைமுகத்து மாடியுடையார்க்கு நேர்வழி எளிதிற் கிட்டும். பின்கட்டில், கீழ்த்தளத்தில், சாளரத்துக்கு எதிரே அடுத்த வீட்டுச் சுவரைக் காண்போர்க்குக் கிட்டாது. கோவிலம்பாக்கத்திற் கல்லூரி மாணவர் வாடகைக்குப் பிடிப்பன பெரும்பாலும் அத்தகைய அறைகளே. அலை அரசினிடம் ஏலத்திற் பெற்றதாயினும், அதனைப் பெறும் மூலை வீட்டுக்காரருடையது. நிறுவனத்தார் கம்பங்களை நெடுஞ்சாலையோரத்தில் மட்டும் நாட்டி நின்றுவிட்டால் உள்தெருக்கள் பழையபடி கொடிக்கம்பியையே நம்பிக் கிடக்கும். கணக்கறிந்தோர் 512-ஐ 72 ஆக்கவும், 72-ஐ 12 ஆக்கவும் இராப்பகலாய் உழைக்கின்றனர். உள்தெருவில் ஒரு கம்பம் நாட்டுவது அத்துணைக் கடினமன்று.

இவ்வளவும் சொல்லக் கேட்ட நண்பர் அன்று மாலையே வீட்டுக்கார அம்மையாரிடம் சென்று, என்றேனும் அவ்விணைப்பு வருமாயின் மாடியில் ஒரு சாண் இடந் தருவீரோ என்று கேட்டார். “தாராளமாக வைத்துக்கொள் தம்பி, வேம்பை மட்டும் வெட்டச் சொல்லாதே” என்றார் அவர். வேம்பு நிற்கின்றது. அதன் நிழல் எட்டாத வடமேற்கு மூலையைச் சுண்ணக்கட்டியாற் குறித்து வைத்திருக்கின்றார் நண்பர்.